சிலுவைக்குப் பதிலாகப் புறா

ராஜா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இதில் கேட்கப்போவதில்லை. அதையெல்லாம் போனில் தினமும் கேட்டு உன்னைச் சலிக்கவைத்துவிட்டேன். போனில் பேச முடியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிடுகிறாய். அந்தச் "சரிப்பா"வுக்கு ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, போதும் வையுங்கள் என்று அர்த்தம். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரானவனுக்கு இதுகூடவா புரியாது? கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை. பாதியில் மூடி வைத்தாலும் மறுபடி திறந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அப்பா, தாலியில சிலுவை வேணாம்னு காயத்ரியோட அத்தை ஃபீல் பண்றாங்க. புறா போட்டுக்கலாம்ப்பா. அதுவும் நம்ம சிம்பல்தானே? வெறும் டிசைன்தானேப்பா?" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்த வாரம் நீ புனேயிலிருந்து வந்து தி. நகரில் தாலிக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறாய். அதற்குள் எனக்குச் சம்மதமா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். அப்பா முடியாது என்றால் இவ்வளவு தூரம் வந்த கல்யாணம் இழுபறியாகிவிடுமோ என்ற பயம் உன் குரலில் இருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்து, அப்புறம் மண்டபத்தில் தாலி, நம் போதகர் ஒரு ஜெபம், அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் அட்சதை என்று இரண்டு குடும்பமும் பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்த கல்யாணம் இது. ஒரு குந்துமணித் தங்கத்தில் என்ன உருவம் போடுவது என்பதில் வந்து நிற்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபமில்லை. அந்த அம்மாள் சொன்னதாக நீ மென்று விழுங்கிச் சொன்னாயே, சிலுவை சாவு சின்னம், அது மங்கல காரியத்தில் ஏறக்கூடாது என்று, அதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சிகூட உண்டு. அவர் சொன்னது உண்மை. அது சாவு சின்னம்தான். அந்தக் காலத்து ரோமாபுரியில் அது தூக்குமரம். தூக்குமரத்தைத் தங்கத்தில் செய்து ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டுகிறோம் என்பது பரம்பரையாகக் கட்டி வருகிற நமக்கு உறைப்பதே இல்லை. அரைப் பவுனில் வேண்டுமா முக்கால் பவுனில் வேண்டுமா என்பதோடு நம் யோசனை நின்றுவிடுகிறது. மயிலாப்பூரில் ஒரு அம்மாளுக்கு அதைப் பார்த்ததும் திக்கென்றிருக்கிறது என்றால், நம்மைவிட அவர் அதை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்றுதான் சொல்வேன். ஆகவே "வெறும் டிசைன்" என்று நீ சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. அத்தை சொன்னது ஒப்பத்தான் செய்கிறது.

அந்தச் சாவைச் சொல்ல நமக்கே வாய் வராது என்பதற்கு ஒரு கதை உண்டு, நீயும் கூட இருந்த கதை. நீ அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். நான் நம் மந்தைவெளி சபைக்குச் செயலாளர். பெரிய வெள்ளிக்கு கேட்டில் ஃபிளெக்ஸ் கட்ட வேண்டும் என்று கமிட்டியில் முடிவாகி, இராயப்பேட்டையில் கடை வைத்திருந்த பாயிடம் போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இயேசு கிறிஸ்து மரித்த நாள், மும்மணி ஆராதனை, அனைவரும் வருக. அவ்வளவுதான் நான் சொன்னது. கடையில் டிசைன் செய்கிறவர் காதில் "மரித்த நாள்" மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் நானும் நீயும் ஸ்கூட்டரில் போய் இறங்கினால் கேட் முன்னால் சின்னக் கூட்டம். சுற்றிலும் கறுப்பு பார்டர், இரண்டு மூலையிலும் கண்ணீர் சொட்டுகிற கண், நடுவில் நம் ஆண்டவர் படம். மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே, "உயர்திரு இயேசு கிறிஸ்து அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, துயரத்தில் வாடும் சபையார்." ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "இன்னா சார், எப்ப எடுக்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நான் உன்னை முறைத்தேன், முறைக்கும்போதே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாய் அடுத்த அரைமணியில் வந்து நின்றார். பாவம், மனிதர் வியர்த்துப் போயிருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். சாவுன்னு சொன்னா நம்ம கடையில இந்த டிசைன்தான் கீது. செத்துட்டாருன்னு மொட்டையாப் போட நம்ம ஆளுக்கு மனசு வர்ல. பெரியவராச்சே, மரியாதையா இருக்கட்டும்னு போட்டுட்டாப்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கு அவரு ஈசா நபி சார். அவரு சாவவே இல்லன்னுதான் எங்க நம்பிக்கை. அல்லா அப்டியே மேல எடுத்துக்கினாரு. அதான் இந்த வேலைய நான் கூட இருந்து பாக்கல" என்றார். தான் பெரிதாக மதிக்கிற ஒருவருக்கு அப்படி ஒரு சாவைக் கடவுள் கொடுத்திருக்க மாட்டார் என்கிற அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. நம் நம்பிக்கை அது இல்லை. ஆனாலும் அது அன்பிலிருந்து வருகிற நினைப்பு, அதனால் அவரிடம் நான் வாதம் செய்யவில்லை.

சரி, மாற்றிப் போடுங்கள் என்றால், என்ன போடுவது என்று நம் ஆட்களுக்குள்ளேயே பஞ்சாயத்து. பொருளாளர் "மகிமையடைந்தார்" என்று போடலாம் என்றார். வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர், "உயிர்த்தெழுந்தார்னே போட்டுடலாம் அங்கிள், பாசிட்டிவா இருக்கும்" என்றார். உயிர்த்தெழுவது ஞாயிற்றுக்கிழமை, தம்பி, இன்னும் வெள்ளிக்கிழமையே வரவில்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த போதகர், "மரித்தார். வேற எதையும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசங்கம் தயாரிக்க உள்ளே போய்விட்டார். பாய் அந்த ஒரு சொல்லைப் போட்டுக் கொண்டுவந்து கட்டினார். அப்போதும் தயங்கித் தயங்கித்தான் கட்டினார்.

அந்தக் கறுப்பு பார்டர் ஃபிளெக்ஸை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் "இறைவனடி சேர்ந்தார்" என்பது தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. யார் அடியை யார் சேர்ந்தது? அவர் நல்ல மனிதர், பெரிய ஞானி, அவ்வளவுதான் என்றால் அந்த ஃபிளெக்ஸில் ஒரு தப்பும் இல்லை. நல்லவர்கள் சாகிறார்கள், இறைவனடி சேர்கிறார்கள், நாம் கண்ணீர் அஞ்சலி செலுத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கிறோம். அவர் கடவுள் மட்டுமே, மனித உடம்பு ஒரு வேஷம் என்றால், சிலுவையில் நடந்தது நாடகம். வலிக்காதவர் வலிப்பதாகக் காட்டியதற்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அழ வேண்டிய அவசியமில்லை. நாமோ அவர் முழுக்க மனிதர், முழுக்கக் கடவுள் என்கிறோம், அப்படிப்பட்டவர் செத்தார் என்கிறோம். தமிழில் சாவைச் சொல்லாமல் சொல்ல எத்தனை வழி பார்: காலமானார், இயற்கை எய்தினார், சிவலோகப் பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இதில் எந்தப் போர்வையும் இவருக்குப் போதவில்லை. நீ அன்றிரவே சாப்பிடும்போது, "சாமி செத்துட்டா அந்த மூணு நாள் உலகத்த யார் பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாய். பிதா பார்த்துக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். "அப்ப அவரு அழுதுக்கிட்டேவா பாத்துக்கிட்டாரு?" என்றாய். அதற்கு அம்மாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியதைப் பிறகு வாங்கிப் படித்தேன், அவர்களும் சுற்றி வளைத்து அந்த இடத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு கணக்குப் புதிர் மாதிரிதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்திப் பரவசமெல்லாம் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், பாட்டுக்கு நடுவில் கை தூக்குகிறவன் இல்லை நான். அம்மாவை அடையாற்றில் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்வந்த மாதங்களில்தான் அது புதிராக இல்லாமல் போனது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். விசுவாசமாக இருங்கள், பயப்படக்கூடாது, பயம் பிசாசிடமிருந்து வருவது என்று ஜெபித்துவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல ஆண்டவரு வேர்த்து வேர்த்து ஜெபம் பண்ணாரே, பயந்துதானே?" என்று கேட்டாள். ஆமாம், பயந்துதான் என்றேன். "இந்தக் கசப்புப் பாத்திரம் வேணாம்னு கேட்டாரு இல்ல?" கேட்டார் என்றேன். "அப்ப நான் பயந்தா தப்பில்ல" என்றாள். அன்றைக்கு மீதிச் சோற்றையும் சாப்பிட்டாள். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பயமே தெரியாத கடவுள் ஒருவர் எங்கோ உயரத்தில் இருந்திருந்தால் அவள் அவரிடம் தன் பயத்தை மறைத்திருப்பாள், நம்மிடம் மறைத்த மாதிரி. செத்தவர் ஒருவர் கடவுளாக இருந்ததால் மறைக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு உன் அம்மா இல்லாமல் நாள் போவது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ராஜா. அவள் பயந்தாள், ஆனால் தனியாகப் பயப்படவில்லை என்பது மட்டும் எனக்குக் கிடைத்த ஆறுதல். என் விசுவாசம் முழுவதும் அவ்வளவுதான், அதற்குமேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

இந்த யோசனையோடுதான் இந்த வாரம் வியாழக்கிழமை மயிலாப்பூருக்குப் போனேன். நீ கேட்டது உனக்கும் எனக்கும் நடுவில் தீரட்டும் என்று நினைத்தாலும், அவர்களை நேரில் பார்க்காமல் பதில் சொல்வது சரியாகப் படவில்லை. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அந்த ஃப்ளாட், மூன்றாவது மாடி. காயத்ரி ஆபீஸ் போயிருந்தாள். அவளுடைய அத்தைதான் வரவேற்றார். அவர் நல்ல மனுஷி என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. தம்பி இறந்ததும் அவன் மனைவியையும் சின்னக் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, காயத்ரியை இந்த அளவுக்குப் படிக்கவைத்தவர் அவர். "தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லலை. குழந்தை கழுத்துல ஏறறச்சே மங்கலமா இருக்கணும்னு ஒரு ஆசை. புறான்னா பாக்கவும் அழகா இருக்குமோன்னோ?" என்றார். நான் தலையாட்டினேன். சிலுவையைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

பிறகு மண்டபத்து ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். தாலியைத் தேங்காய் மேல் வைத்து, தட்டில் எல்லோரிடமும் கொண்டுபோய், தொட்டு ஆசீர்வாதம் வாங்கிவந்த பிறகுதான் நீ கட்ட வேண்டும். தட்டை யார் எடுத்துக்கொண்டு வருவது என்று பெயர்களை அடுக்கினார். மருமகள், ஓரகத்தி மகள், மாடி வீட்டு மாமி. பெண்ணின் அம்மா பெயர் வரவில்லை. நான் கேட்டேன். "அவ உள்ள இருந்துப்பா. அவளுக்கே தெரியும்" என்றார். அதில் கடுமை ஒன்றும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது, குடை எடுத்துக்கோ என்பது மாதிரிச் சொன்னார். அடுத்து, "நீங்கதான் முதல்ல தொட்டுக் குடுக்கணும்" என்றார். "எனக்கும் வீட்டம்மா இல்லையேம்மா" என்றேன். "ஆம்பளைக்கு என்ன?" என்றார். காயத்ரியின் அம்மா அப்போது சமையலறை வாசலில் காபியோடு நின்றுகொண்டிருந்தார். டம்ளரை மருமகள் கையில் கொடுத்து எனக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நம் ஆட்களை உயர்த்தி வைக்க இதைச் சொல்லவில்லை. நம் சபையில் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். நலங்கு வைக்க, "குடும்பமா இருக்கிறவங்க வாங்க" என்று கூப்பிடுவார்கள். கணவனை இழந்தவர்கள் யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். சுவரில் இவ்வளவு பெரிய சிலுவை இருக்கும், அதற்குக் கீழேயே இது நடக்கும். செத்தவரைக் கடவுள் என்று பாடிவிட்டு, சாவு வந்துபோன வீட்டுக்காரியைப் பின்னால் நிற்கவைப்போம். இந்த விஷயத்தில் மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் ஒரு நிறுத்தம்தான் தூரம்.

நான் கிளம்பியபோது காயத்ரியின் அம்மா லிஃப்ட் வரை வந்தார். அந்த வீட்டில் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. "புறாவே போட்டுடுங்கோ. என்னால குழந்தைக்கு ஒரு குறை வரப்படாது" என்றார். உங்களால் என்ன குறை என்றேன். லிஃப்ட் வருவதற்குள், யாரிடமோ சொல்வதுபோல, "சாந்தோம் பக்கம் பஸ்ல போறச்சே ஒரு படம் பாத்திருக்கேன். பிள்ளை சிலுவையில இருக்கார், அம்மா கீழ நின்னுண்டிருக்கா. அவ்வளவு பேர் நடுவுல, பக்கத்துலயே. அவள யாரும் உள்ள போன்னு சொல்லல போலிருக்குன்னு நினைச்சுப்பேன்" என்றார். லிஃப்ட் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

மாட வீதி வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். தேவாலயத்தில் இத்தனை வருஷம் அந்தக் காட்சியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்தத் தாய் நின்ற இடத்தைப் பற்றி இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அத்தையிடம் சிலுவையை விளக்கி ஜெயித்துவிடலாம் என்று போனவன், என்ன விளக்குவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அவருக்குச் சிலுவை ஏன் ஆகவில்லையோ, அதே காரணத்துக்காகத்தான் தம்பி மனைவி சமையலறையில் நிற்கிறார். இரண்டும் சாவைப் பற்றிய ஒரே பயம். தங்கத்தில் சிலுவைக்குப் பதிலாகப் புறா போட்டுக்கொள்ளலாம். மனுஷிக்குப் பதிலாக என்ன போடுவது?

இனி என் பதில். புறா போடு. அதுவும் நம்முடையதுதான், பரிசுத்த ஆவியின் அடையாளம், அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு முழுச் சம்மதம், இதை நீ அவர்களிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்தத் தட்டைக் காயத்ரியின் அம்மா எடுத்துக்கொண்டு வர வேண்டும், முதலில் தொட்டு ஆசீர்வதிப்பதும் அவராக இருக்க வேண்டும். இதை அத்தையிடம் நான் பேசமாட்டேன். நான் பேசினால் சம்பந்தி சண்டையாகிவிடும். நீ போய் உட்கார்ந்து, மரியாதையாக, அவர் செய்த நல்லதையெல்லாம் சொல்லி, பிறகு கேள். முதல் தடவை முடியாது என்பார். உடனே "சரிப்பா" என்பதுபோல "சரி அத்தை" என்று எழுந்து வந்துவிடாதே. காயத்ரி மனதுக்குள் இதை எத்தனை வருஷமாக வைத்திருக்கிறாளோ, அவளாகக் கேட்க முடியாத இடம் அது. கல்யாணத்துக்குப் பிறகு நீ அவளுக்கு என்னென்னவோ வாங்கிக் கொடுப்பாய். இதை அதற்கு முன்னாலேயே செய்துவிடு. எவ்வளவு பேசியும் நடக்கவில்லை என்றால் கல்யாணத்தை நிறுத்தாதே, நான் கண்டிப்பாக வருவேன். வந்து, அவரை எந்த அறையில் இருக்கச் சொல்கிறார்களோ அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். சாவு என் வீட்டுக்கும்தானே வந்து போயிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, சிலுவையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அப்பா வேறு நிபந்தனை போடுகிறார் என்று உனக்குத் தோன்றினால், மறுபடி ஒரு முறை படி. பெற்ற தாயைச் சமையலறையில் நிறுத்திவிட்டு நீ கட்டப்போகிற தாலியில் சிலுவை இல்லாமல் இருப்பதே நல்லது. இருந்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அப்பா